படத்துக்குப் போட்ட மாலை

— கழட்டுங்க மாமி அத. மொதல்ல கழட்டுங்க.

— எத? ஏண்டி வேண்டா, சித்த மெதுவா பேசேன். பிரார்த்தனைக்கு வந்தவா எல்லாம் திரும்பிப் பாக்கறா.

— பாக்கட்டும். எம் புள்ள ஆனந்தன் படத்துல மாலை கீதே, அத. நெத்தில பொட்டு வேற. உயிரோட கீற புள்ளைக்கு எந்த ஊர்ல மாலை போடுவாங்க?

— ஐயையோ, ஆமாம். சுவாமி படத்துக்குப் போடறோமில்லையா, அந்த ஞாபகத்துல இருந்துட்டேன் போல. கண்ணுல பட்டுது, மனசுல படல.

— சாமிக்குப் போடலாம். செத்தவனுக்குப் போடலாம். எம் புள்ள சாமியும் இல்ல, சாவவும் இல்ல. தோ, சதாசிவம் சாரோட தம்பி படம், வெறும் படமா கீது. அந்தத் திருக்கழுக்குன்றத்துப் பொண்ணு படமும் வெறும் படம். எம் புள்ளைக்கு மட்டும் இன்னாத்துக்கு?

— மூச்ச இழுத்து விடு. இரு, நானே கழட்டிடறேன்.

— வாணாம், நீங்க கை வெக்காதீங்க. போட்ட கைதான் கழட்டணும். நீங்க கழட்டினாலும் நான் கழட்டினாலும், அது பாட்டுக்கு ஒருத்தர் போட்டாங்க, நாமளும் ஒத்துகினோம்னு ஆயிடும். யாரு போட்டதுன்னு கூப்டுங்க.

— எனக்கென்னடி தெரியும்? இந்தக் கடக்கரைக் கொட்டாய்ல பாய் விரிச்சுண்டிருந்தேன், நிமிந்து பாத்தா மாலை இருந்தது. நீ பூ வாங்கிக் குடுத்து அனுப்பிச்சேன்னு நெனச்சேன்.

— நானா? பெத்தவ நானா குடுத்தனுப்புவேன்?

— கோச்சுக்காதே. பிரபாவதியையும் கேட்டுட்டேன். எல்லாப் படத்துக்கும் சேத்து ஒரே வெளக்குதான் ஏத்தினாளாம், பூவத் தொடவே இல்லங்கறா.

— அவள சொல்லிக் குத்தமில்ல. உங்க பேச்சக் கேட்டுகினு படத்தக் குடுத்தேன் பாருங்க, என்னத்தான் சொல்லணும்.

— நான் என்ன தப்பா சொன்னேன்? உலக நாள் எதையாவது நாம விட்டிருக்கமா? தண்ணி நாள், பூமி நாள், அகதிகள் நாள்...

— கொசு நாளுக்குக் கூட ஒக்காந்தோம். போன வாரம். கண்ண மூடிகினு ஒக்காந்தா கொசுதான் நல்லா சாப்ட்டுப் போச்சு.

— சிரிக்க வைக்காதே, இந்த நேரத்துல. இன்னிக்கு காணாமப் போனவா நாள். உலகத்துல எங்கெங்கயோ பட்டாளத்துக்காரா, போலீஸ்காரா வந்து இழுத்துண்டு போய், என்ன ஆனான்னே சொல்லாம விட்டுடறாளே, அவாளுக்காக வெச்ச நாள். நாமதான், நம்ம ஊர்ல கோச்சுண்டு போனவா, தொலஞ்சு போனவா எல்லாரையும் சேத்துப்போம்னு ஆரம்பிச்சோம். அதுல உம்புள்ளையும் ஒருத்தன். அவ்வளவுதானே நான் சொன்னது.

— அவ்வளவுதானா? இத்தினி பேரும் ஒரே நேரத்துல ஒருத்தன மனசால கூப்ட்டா அவன் எங்க இருந்தாலும் கால் இந்தப் பக்கம் திரும்பும்னு சொல்லல நீங்க?

— சொன்னேன்.

— அத நம்பிகினுதான மாமி நான் பஸ் ஏறி வந்தேன். வூட்ல பின்கதவத் தாப்பா போடறதில்ல நான். திருட்டு பயம் கீதேன்னு அக்கம்பக்கம் திட்டுது. ராவுல வந்தான்னா கதவத் தட்டிகினு நிப்பானே, அவங்க நைனா முழிச்சிகினா மறுபடியும் சண்டையாயிடுமேன்னு. அவன் நம்பருக்கு இன்னிக்கும் டாப்அப் பண்ணிகினு கீறேன். சுவிச் ஆஃப்னுதான் அந்தப் பொம்பள சொல்றா. சொல்லட்டும். நம்பரு வேற யாருக்கும் போயிடக் கூடாது.

— தெரியும்டி.

— தெரிஞ்சும் அந்த மாலையப் பாத்துகினு பாய் விரிச்சீங்களே.

— தப்புதான். ஒத்துக்கறேன். ஊரு உலகத்துக்கெல்லாம் வேண்டிண்டு, பக்கத்துல இருக்கறது கண்ணுல படல... இரு, அதோ உங்க ஆம்படையான் வரார். அணுபுரத்துலேந்து எல்லாரையும் வேன்ல கொண்டு வந்து விட்டதே அவர்தான். எல்லாரும் எறங்கினப்புறம் அவர் மட்டும் கொட்டாய்க்குள்ள கொஞ்ச நேரம் இருந்தார். அவருக்கு யார் போட்டான்னு தெரிஞ்சிருக்கும்.

— யோவ்! இங்க வா. உள்ள யாருய்யா நம்ம புள்ள படத்துக்கு மாலை போட்டது? நீ பாத்தியா?

— வுடு வேண்டா.

— இன்னா வுடு? யாருன்னு சொல்லு, நான் கேட்டுக்கறேன்.

— நான்தான்.

— இன்னாது?

— நான்தான் போட்டேன். பொட்டும் நான்தான் வெச்சேன். வுடு, அவ்ளோதான்.

— காசிநாதன், என்ன பேச்சு இது? நீங்களா?

— ஆமா மாமி. உங்க கூட்டத்துக்கு இதால ஒண்ணும் கெட்டுப் போவல. நீங்க ஆரம்பிங்க.

— யோவ், இங்க பாரு என்ன. இன்னாய்யா, தலயெல்லாம் ஈரம்? சட்ட ஒட்டிகினு கீது. கடல்ல முழுகினியா?

— முழுகினேன்.

— வெள்ளிக்கெழம அமாவாச ஒண்ணுமில்ல. எந்த வேண்டுதலும் இல்ல. மாலையப் போட்டுட்டு நேரா போயி முழுகிட்டு வந்து நிக்கிறியே... ஐயோ. ஐயோ மாமி.

— வேண்டா, புடிச்சுக்கோ என் கையை. உக்காரு, இப்படி மணல்ல உக்காரு. மூச்ச இழுத்து விடு.

— எங்கய்யா கெடச்சான்? எந்த ஆஸ்பத்திரி? கடல்லயா? போலீஸ்காரங்க கூப்ட்டாங்களா? அன்னிக்கு சவாரி போயிட்டு வந்து சாப்புடாம படுத்தியே, அப்பவா? அப்பவே தெரியுமா?

— அழு. அழுதுட்டு முடிச்சிடு. எல்லாம் நல்லதுக்குத்தான்.

— எல்லாம் நல்லதுக்கா? புள்ளையப் பறி குடுத்தவ கிட்ட சொல்ற பேச்சா இது? காசிநாதன், தெளிவா சொல்லுங்கோ. என்ன ஆச்சு?

— போயிட்டான் மாமி. போயிட்டான்னு வெச்சிக்கச் சொல்லுங்க அவள.

— வெச்சிக்கறதா? போயிட்டானா, இல்ல, போயிட்டான்னு வெச்சிக்கணுமா?

— ரெண்டும் ஒண்ணுதான்.

— இருங்க மாமி. கைய வுடுங்க. எழுந்துக்கறேன். யோவ், கிட்ட வா. மூஞ்சியக் காட்டு.

— இன்னா?

— மீச கீது.

— இருந்தா இன்னா?

— எங்க மாமனாரு செத்தப்ப மயானத்துலயே மீசைய எடுத்தவன் நீ. கொழுந்தனாரு கொழந்த செத்ததுக்குக் கூட எடுத்த. பெத்த புள்ளைக்குக் கொள்ளி வெச்சவன் மீசையோட வந்து நிப்பியா? சாங்கியம் ஒண்ணு வுட மாட்டியே நீ. கருமாதிக்கு எள்ளு எந்தக் கடைலன்னு சண்ட போடற ஆளு.

— வேண்டா, வுடுன்றேன்ல.

— கொள்ளி வெக்கல நீ. வெறுமன முழுகினு வந்துகீற. செத்தவனுக்கு இல்ல இது. தல முழுகிட்டு வந்துகீற. உயிரோட கீறவன வாணாம்னு தல முழுகற மாதிரி முழுகினு வந்துகீற! சொல்லுய்யா, ஆமாவா இல்லியா?

— வாயத் தொறங்கோ காசிநாதன். இவ விழுந்துடுவா.

— ஆமா.

— உயிரோட கீறானா?

— கீறான்.

— பெருமாளே!

— எங்க? எங்கய்யா கீறான்? நல்லா கீறானா? கை கால் எல்லாம் கீதா?

— பாண்டிச்சேரில. ஹோட்டல்ல தங்கின பார்ட்டிய ஏத்திகினு போனேன் இல்ல, திண்டிவனம் ரோட்ல வண்டி பஞ்சர் ஆச்சு. பக்கத்துல ஒரு ஒர்க்‌ஷாப். ஸ்பானர வெச்சிகினு எழுந்தான் பாரு, இவன். தாடி வெச்சிகினு கீறான். ஒடம்பு போட்ருக்குது. கருத்துட்டான்.

— கருத்துட்டானா. வெயில்ல வேல செய்யறான் போல. ஒடம்பு போட்ருக்குதா? மாமி, கேட்டீங்களா? ஒடம்பு போட்ருக்குதாம்.

— கேட்டேன்டி. எங்க இருந்தாலும் நன்னா இருக்கணும்னுதானே வேண்டிண்டோம். நன்னா இருக்கான்.

— இத என்கிட்ட சொல்லாம, மாலை வாங்கிகினு வந்தியா நீ? அந்தப் பூவுக்குப் பதிலு ஒரு வார்த்த பேச வாயி வரலியா?

— சொன்னா நீ இன்னா பண்ணுவ? பாண்டிச்சேரிக்கு ஓடுவ. அவன் வர மாட்டான். ரோட்ல ஒக்காந்து அழுவ. மறுபடியும் போவ. மறுபடியும் வர மாட்டான். செத்துட்டான்னு நெனச்சா ஒரு தபா அழுவ. கதவத் தாப்பா போட்டுத் தூங்குவ. அவ்ளோதான் நெனச்சேன்.

— அதுக்காக எம் புள்ளைய சாவடிப்பியா? நானும் அவன் படத்துக்கு முன்னாடி ஒக்காந்து ஒப்பாரி வெக்கணுமா? உன்னாலதான அவன் போனதே!

— வேண்டா, எல்லாருக்கும் கேக்கறது.

— கேக்கட்டும் மாமி! அனுபவிக்கறது நான். அவன் அந்தப் பொண்ணக் கட்டிக்கறேன்னு சொன்னதுக்கு, மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்ட்ல, ஊரே பாக்க வெச்சி அடிச்சிட்டு, ‘யார்றா நீ? உன்ன யாருன்னே எனக்குத் தெரியாது, போடா’ன்னான் இந்த ஆளு. அவனும் பாத்துகினே நின்னான். திருப்பி ஒரு வார்த்த பேசல. ‘நைனா, நீ சாப்ட்டியா நைனா’ன்னு இந்த ஆளு வண்டி வர்ற வரிக்கும் சோறு துன்னாம ஒக்காந்திருக்கற புள்ள மாமி அது. அன்னிக்கு சட்டையத் தட்டி வுட்டுகினு போனவன்தான்.

— அத இப்போ எதுக்கு இழுக்கற?

— இப்போதான் இழுப்பேன். எங்க கீறான்னு தெரிஞ்சிடுச்சி இல்ல. வண்டிய எடு. மொதல்ல உள்ள போயி அந்த மாலைய கழட்டு. நீ போட்ட, நீயே கழட்டு. அப்புறம் வண்டிய எடு. நீ கீழ எறங்க வாணாம். வண்டிலயே ஒக்காந்துக்கோ. நான் பேசிக்கறேன்.

— போங்கோ காசிநாதன். பெரியவர் நீங்க கொஞ்சம் எறங்கி வரக் கூடாதா? கோவத்துல போன புள்ள, நீங்களே எதுத்தாப்புல நின்னதும் என்ன பண்றதுன்னு தெரியாம ஓடிப் போயிருப்பான். அத மனசுல வெச்சிண்டு இவ்வளவு தூரம் வரலாமா?

— ஓடல மாமி.

— பின்னே?

— ஓடியிருந்தான்னா சந்தோஷம். கோவம்னு நெனச்சிருப்பேன். ஒரு அடி போட்டிருந்தான்னா வாங்கிகினு இருந்திருப்பேன். நான் பக்கத்துல போயி, ‘ஆனந்தா, அன்னிக்கு ஏதோ வாய் தவறிடுச்சுடா, உங்கம்மா கதவத் தொறந்து போட்டுகினு கீறா, வாடா’ன்னேன்.

— மன்னிப்பு கேட்டியா நீ? நீயா?

— கேட்டேன்.

— அவன் இன்னா சொன்னான்? சொல்லுய்யா. திட்டினானா? திட்டட்டும். இன்னா சொன்னான்?

— திட்டல வேண்டா. வண்டிக்கு வீல மாட்டினான், போல்ட்ட எல்லாம் ஒயுங்கா டைட் பண்ணான், கையத் தொடச்சிகினு என் மூஞ்சிய நல்லா பாத்தான். ஒரு நாளும் என்ன ‘நீ’ன்றதத் தவிர வேற பேசாத புள்ள, ‘நீங்க யாருங்க, எனக்குத் தெரியலியே’ன்னு மரியாதையா கேட்டான்.