மணி அடித்தால் மேற்கே

மாலை நாலு பத்து. மாதா கோயில் மணி அடிக்கிறது. விட்டு விட்டு அல்ல, ஒரே மூச்சாக. எண்ணூரில் எங்கள் குப்பத்தில் அந்த அடிக்கு ஒரே அர்த்தம். கடலுக்கு முதுகைக் காட்டு. மேற்கே ரோட்டுக்கு ஓடு. சுனாமிக்குப் பிறகு பிள்ளைகளுக்குக்கூட அது மனப்பாடம்.

எல்லோரும் ஓடுகிறார்கள். நான் நிற்கிறேன். மூக்கில் அமோனியா ஏறுகிறது. கண் எரிகிறது. கிழக்கே, கடலோர அமோனியாத் தொட்டியிலிருந்து வெள்ளைப் புகை தரையோடு வருகிறது. அதைப் பார்த்த யாரோ பதறிப்போய் மணிக்கயிற்றை இழுத்துவிட்டார்கள். எல்லா ஆபத்துக்கும் எங்களிடம் இருப்பது அந்த ஒரு மணிதான். கொடிமரத்தைப் பார்க்கிறேன். கொடி மேற்கே பறக்கிறது. ஊரும் மேற்கே ஓடுகிறது.

தொட்டி இருக்கும் கம்பெனியில் நான் கான்ட்ராக்ட் ஆள். அங்கே பயிற்சி கொடுத்தார்கள். துணியை நனைத்து மூக்கில் கட்டு. கொடியைப் பார். காற்றோடு ஓடாதே, குறுக்கே ஓடு. அவ்வளவுதான். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம் ஆகாது.

பயிற்சி முடிந்து வந்தபோதே செல்வராணி கேட்டாள். பக்கத்து வீடு. கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பவள். "அண்ணா, அங்க சொல்லிக் குடுத்தத பூசை முடிஞ்சதும் நம்ம ஜனத்துக்கும் சொல்லேன். உனுக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது?"

மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அடுத்த வாரம் என்றேன். சூப்பர்வைசர் திட்டுவார் என்று சாக்கு சொன்னேன். பொய். யாரும் என்னைத் தடுக்கவில்லை. குப்பத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன். எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் எனக்கு என்ன மரியாதை? அந்தக் கர்வம்தான். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவனும் நான்தான். கடவுள் கொடுத்த அறிவைப் பூட்டி வைப்பது திருட்டு என்று சாமியார் பிரசங்கம் வைத்தார். முன்வரிசையில் உட்கார்ந்து நன்றாகத் தலையாட்டினேன்.

இப்போது கத்துகிறேன்.

"ரோட்டாண்ட போவாதீங்க! கரையோரமா தெக்கால ஓடுங்க!"

செல்வராணி அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். திரும்பிப் பார்க்கிறாள்.

"மணி அடிக்குது, கடலாண்ட கூப்புடுற! பைத்தியமா உனுக்கு?"

அவள் மேல் தப்பில்லை. மணி அடிக்கும்போது கடல் பக்கம் கூப்பிடுகிறவனை நானும் நம்பியிருக்க மாட்டேன். செருப்புச் சத்தம். இருமல் சத்தம். பிறகு புகை ரோட்டை மூடியது. சத்தம் நின்றது.

என் மகள் துப்பட்டாவை நனைத்து மூக்கில் கட்டி, வாசலில் தயாராக நின்றாள். அவளுக்கு மட்டும் சொல்லி வைத்திருந்தேன். இரண்டு பேரும் கரையோரமாகத் தெற்கே ஓடினோம். மணலில் உட்கார்ந்து நல்ல காற்றை இழுத்து இழுத்துக் குடித்தோம். வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சொன்னேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. செல்வராணியின் தம்பி பாதியில் எழுந்து வெளியே போனான்.

எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செத்தவர்கள்: செல்வராணி. அவள் அம்மா ரோசம்மா. ஐஸ் வண்டிக்காரர் காதர் பாய். மணியைக் கேட்டு எங்கள் ஜனத்தோடு ஓடிய மனுஷர். மூன்று உயிர். வலை பின்னுகிற தேவராஜுக்கு ஒரு கண் போனது. ரோட்டோரம் கட்டியிருந்த இரண்டு ஆடு. பிள்ளைகளின் மறைக்கல்வி வகுப்பு இன்னும் பூட்டிக் கிடக்கிறது.

என் வீட்டில் ஒன்றும் குறையவில்லை.