சாமியார் ஊரில் இல்லை

“நான் ஊர்ல இல்லைன்னு யாரும்மா சொன்னது? அன்னைக்குப் பூரா கோயில்லதானே இருந்தேன்.”

“காப்பிக்குச் சர்க்கரை போதுமா, சாமி?” என்று கேட்டேன்.

என் கணவர் ஆரோக்கியஜோசப்பின் முப்பதாம் நாள் பூசை பற்றிப் பேசப் பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்திருந்தார். சாகும் முன் சாமியார் வந்து எண்ணெய் பூசி மன்னிப்புத் தரும் நோயில்பூசுதல் இல்லாமல் என் கணவர் ஏன் போய்ச் சேர்ந்தார் என்று சாமியாருக்குப் புரியவில்லை. கேட்ட பிறகு மறைக்க எனக்கும் தோன்றவில்லை. சொன்னேன்.

பிள்ளை வரம் கேட்டு நாங்கள் இருவரும் வேளாங்கண்ணிக்குப் போவோம். மணலில் முழங்காலால் நடப்போம். எனக்குத் தோல் உரிந்துவிடும். அவர் தன் துண்டைக் கிழித்து என் முழங்காலில் கட்டிவிட்டு, பக்கத்திலேயே ஊர்ந்து வருவார். அப்போதே அம்பகரத்தூரில் அல்லி என்ற பெண்ணிடம் அவருக்கு ஒரு மகள் இருந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. போன வருடம் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பிள்ளை ஓடி வந்து “அப்பா” என்று அவர் கையைப் பிடித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் சண்டை போடவில்லை. கேட்டேன், அவ்வளவுதான்.

“சனிக்கிழமையானா பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன், சலோமி. ஆண்டவரே மன்னிச்சிட்டார். நீ என்ன, அவருக்கும் மேலயா?” என்று சிரித்தார்.

இதே சாமியாரிடம்தான் தன் பாவத்தைச் சொல்லியிருக்கிறார். ஞாயிறானால் என் பக்கத்தில் நின்று நாக்கை நீட்டி நன்மை அப்பம் வாங்கியிருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்காமலே அவரை மன்னித்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஈரலில் புற்று வந்து படுத்தபோது நான்தான் பார்த்துக்கொண்டேன். கஞ்சி, மாத்திரை, படுக்கை மாற்றுவது எதிலும் குறை வைக்கவில்லை. தருமபுரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கடைசி நாள் மத்தியானம், “சாமியாரைக் கூட்டிட்டு வா” என்றார். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அரசலாற்றுப் பாலத்தில் நின்று படகுகளைப் பார்த்தேன். நல்ல காற்று. திரும்பி வந்து, “சாமி ஊர்ல இல்லைங்க, திருவேட்டக்குடிக்குப் போயிருக்காங்களாம்” என்றேன். நம்பினார்.

பிறகு உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லப் பார்த்தார். சாமியார் கிடைக்காதபோது மனம் நொந்து அதைச் சொன்னாலே மன்னிப்பு உண்டு. அவருக்கு வார்த்தைகள் வரவில்லை. “முதல் வரி மட்டும் எடுத்துக் குடு” என்றார். ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தருகிறவளே நான்தான்.

“எனக்கும் மறந்துபோச்சுங்க” என்றேன்.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு காய்ந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். மூச்சு அடங்கும்வரை துடைத்துக்கொண்டே இருந்தேன்.

இவ்வளவையும் கேட்ட சாமியார் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். என்னைத் திட்டவில்லை.

“மந்திரம் வரலைன்னா என்னம்மா? மன்னிப்பு வேணும்னு தவிச்சாருல்ல, அதுவே போதும். ஆண்டவர் அவரை அப்பவே ஏத்துக்கிட்டிருப்பார்” என்றார்.

இந்த முறையும் என்னை யாரும் கேட்கவில்லை.

நான் தரையில் அவர் காலருகே உட்கார்ந்தேன்.

“அவரை நான் எப்பவோ மன்னிச்சிட்டேன், சாமி. ஆண்டவர் மன்னிக்கலைன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க.”