பன்னிரண்டு வோல்ட் வராத வியாழக்கிழமைகள்

ஆறிப்போன காபிதான், ஆனாலும் கொடுத்ததற்கு நன்றி. நம் வானொலிச் சங்கத்தில் முப்பத்தொரு வருடமாக இருக்கிறேன். விசாரணை என்று ஒன்று நடந்து பார்த்ததில்லை. முதல் விசாரணையே என்னைப் பற்றி என்பதில் கொஞ்சம் பெருமைகூட.

விலெம் என் நண்பன். அவனிடம் 1971இல் செய்த ஆசிலாஸ்கோப் ஒன்று உண்டு, மின் அலையைத் திரையில் பச்சைக் கோடாகக் காட்டும் பெட்டி. போன பிப்ரவரியில் திரை இருண்டது. பன்னிரண்டு வோல்ட் வர வேண்டிய இடத்தில் இரண்டுதான் வந்தது. ஈஸ்டருக்கு அவனுக்கும் போஷெனாவுக்கும் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். அவன் மனைவியை இழந்தவன், அவள் கணவனை இழந்தவள். நம் பர்னோ நகரை விட்டு ஒலமோட்ஸ் ஊரில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

"செத்த பெட்டியத் தூக்கிட்டுப் புது வீட்டுக்குள்ள போக மாட்டேன்டா யாரொமீர். இது எரியட்டும், அப்புறம்தான் கல்யாணம்," என்றான்.

பழுதைப் பதினோரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். பலகையில் ஒரே மாதிரி பதினான்கு கெப்பாசிட்டர்கள், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் குட்டி உருளைகள். ஐந்தாவது செத்துப்போய், வருகிற மின்சாரத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தது. சொல்ல வாயெடுத்தேன். "அடுத்த வியாழனும் வருவேல்ல?" என்றான் விலெம். வாயை மூடிக்கொண்டேன். வியாழன் தவிர மற்ற ஆறு நாளும் என் வீட்டில் சத்தம் போடுவது ஃபிரிட்ஜ் மட்டும்தான். எனக்கு அது பயமாக இருந்தது.

விலெம் ஒழுங்கானவன். வியாழனுக்கு ஒரு கெப்பாசிட்டர். அதன் இரண்டு கம்பிக் கால்களில் ஒன்றை மட்டும் ஈயத்தைச் சூடாக்கித் தூக்குவான், அளப்பான், நல்லதென்றால் திரும்பப் பற்றவைத்துப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு வைப்பான். பொட்டு வைத்த இடத்தை மறுபடி பார்ப்பது அவனுக்குத் தன்மானப் பிரச்சினை. ஐந்தாவதின் முறை வந்த வியாழனன்று அவன் பீர் வாங்கக் கீழே இறங்கினான். நான் ஐந்தாவதையும், பொட்டு வாங்கிவிட்ட இரண்டாவதையும் இடம் மாற்றினேன். உள்ளே இரண்டாயிரம் வோல்ட் ஓடும் பெட்டி அது. மின்சாரம் போட்டிருக்கும்போது, அது நெஞ்சு வழியாகப் பாயாமலிருக்க, ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது சங்க விதி. அதை நான் ஒருமுறைகூட மீறவில்லை. தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

பதினான்கும் முடிந்தது. முதலிலிருந்து தொடங்கினான், இப்போது நீலப் பொட்டு. இரண்டாவதின் முறை வந்தபோது நானும் மறுபடி, நீலப் பொட்டு வாங்கிவிட்ட முதலாவதோடு அதை இடம் மாற்றினேன். ஈஸ்டர் கல்யாணம் ஆகஸ்டுக்குப் போனது, ஆகஸ்ட் கல்யாணம் நவம்பருக்குப் போனது. அறுபத்தெட்டு வயதில் ஒருவன் அவசர முடிவு எடுக்காமல் பார்த்துக்கொண்டேன். நண்பன் வேறு எதற்கு?

அக்டோபரில் போஷெனா நேரிலேயே வந்துவிட்டாள். தொலைக்காட்சித் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் ஈயம் பற்றவைத்தவள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையின் மேல் குனிந்தாள்.

"ஏங்க, நீங்க ஒரு காலைத்தான தூக்குவீங்க?"

"ஆமா."

"எல்லாத்துலயும் ஒரு கால் ஈயம்தான் புதுசா மின்னுது. இந்த மூணுல மட்டும் ரெண்டு காலும் மின்னுதே, எப்படி? ஈஸ்டருக்குத் தைச்ச கவுன் எனக்கு இப்ப இடுப்புலயே ஏறல. யாரு பண்ண வேலை இது?"

விலெம் என்னைப் பார்த்தான். நான் பீரைப் பார்த்தேன்.

போஷெனா செத்ததைக் கண்டுபிடித்து மாற்ற, பத்து நிமிடத்தில் திரையில் பச்சைக் கோடு ஓடியது. விலெம் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"தனியா இருக்கக் கஷ்டமா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, மடையா? ஒலமோட்ஸ் என்ன நிலாவுலயா இருக்கு? ரயிலேறி வந்திருப்பேனே," என்றான். அதற்குப் பிறகுதான் உங்களுக்குப் புகார் எழுதினான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் திருந்திவிட்டேன், எழுதிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை கல்யாணம், என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். பரிசாக இன்னொரு ஆசிலாஸ்கோப் வாங்கி வைத்திருக்கிறேன், அவன் வெகுநாள் ஆசைப்பட்ட மாடல். கடையில் பார்த்தபோது அது நன்றாகவே வேலை செய்தது. அந்தக் குறையை நீக்கிவிட்டேன்.