சாவியைத் திருகும் நேரம்

முதலாளிமாரே, மண்டபத்துல சாப்பாடு தயாராக இன்னும் கொஞ்சம் நேரம் ஆகுமாம். அதுக்குள்ள ஒரு சின்னக் கதை சொல்லிடறேன், கேட்டுக்குங்க.

கோயமுத்தூர் கணபதியில தெய்வானைன்னு ஒரு அம்மா. பஸ்ஸுல மாட்டற டிவிடி பிளேயர் செய்யற பட்டறை வெச்சிருந்தாங்க. நான் அதை வாங்கி விக்கிறவன். எங்களுக்கு இருந்த ஒரே பெரிய பார்ட்டி, பஸ் முதலாளி ராக்கியப்பன். அவர் கையை விட்டா பட்டறைக்குப் பூட்டுதான்.

அவர் பஸ்ஸுல என்ன சிக்கல்? டீ குடிக்க நிறுத்துவாங்க. டிரைவர் சாவியைத் திருகி எடுப்பார். பிளேயர் செத்துப் போகும். மறுபடி வண்டியை எடுத்தா... படம் முதல்லேருந்து. மதுரை போய்ச் சேர்றவரைக்கும் கதாநாயகன் ஊருக்குள்ள வந்து இறங்கிக்கிட்டே இருப்பான். ஒருத்தர் கண்டக்டரைப் பிடிச்சுக் கேட்டார்: "ஏப்பா, இவன் எத்தனை தடவைதான் வந்து இறங்குவான்? பெட்டியை வெச்சுட்டு வீட்டுக்குள்ள போகச் சொல்லு."

தெய்வானை சளைக்கல. படம் எந்த இடத்துல ஓடுதுன்னு நொடிக்கு நொடி ஒரு சிப்புல எழுதி வைக்கிற மாதிரி மாத்தினாங்க. அருமையா ஓடுச்சு... கொஞ்ச காலம். அப்புறம் ஒவ்வொரு பிளேயர் பெட்டிக்கா மறதி வந்துடுச்சு. ஏன்? அந்தச் சிப்புல இவ்வளவு தடவைதான் எழுதலாம்னு ஒரு அளவு உண்டு. ஒரே இடத்துல ரப்பர் போட்டு அழிச்சு அழிச்சு எழுதினா தாள் என்ன ஆகும்? ஓட்டை விழும். அதேதான்.

ராக்கியப்பன் பட்டறைக்கே வந்துட்டார். "அம்மிணி, இன்னும் ஒருக்கா பாக்கறனுங்க. மறுக்கா இப்படியே ஆச்சுன்னா, அத்தனை பெட்டியையும் கழட்டி உங்க வாசல்ல இறக்கிப் போடுவேன்."

நான் வியாபாரி புத்தியில சொன்னேன், பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா எழுதினாப் போதும்னு. அந்தம்மா ஒத்துக்கல. "பாத்த சண்டையையே திருப்பிப் பாக்கறதுக்கு யாரும் டிக்கெட் வாங்கலீங்கண்ணா." விலை கூடின சிப்பு போடலாமேன்னு கேட்டேன். அதுவும் தேயும், கொஞ்சம் மெதுவாத் தேயும், அவ்வளவுதான்னுட்டாங்க.

மறுநாள் அவங்களே பஸ் ஏறினாங்க. படத்தைப் பாக்கல, பெட்டியையே பாத்தாங்க. டிரைவர் சாவியைத் திருகறார்... பெட்டியில எரியற விளக்கு பட்டுன்னு அணையல. உள்ள மிச்சமிருக்கிற கரண்டுல கண்சிமிட்டற நேரம் மங்கி, அப்புறம் அணையுது.

திரும்பி வந்து சொன்னாங்க: "அந்தக் கண்சிமிட்டு போதுங்கண்ணா. எந்த இடம் ஓடுதுன்னு டிஸ்க்கே சொல்லிக்கிட்டுத்தான் இருக்குது. ஓடறப்ப நாம எதுக்கு எழுதணும்? கரண்டு இறங்கறது தெரிஞ்சதும் ஒரே ஒரு தடவை எழுதுவோம்."

அப்படியே மாத்தினாங்க. ராக்கியப்பன் தானே ஏறி உக்காந்தார். டீக்கு நிறுத்தினாங்க... எடுத்தாங்க. பாதியில நின்ன வசனம் அங்கிருந்தே தொடர்ந்துது. அவர் திரும்பிப் பயணிங்க முகத்தைப் பாத்தார். எல்லாரும் முறுக்கைக் கடிச்சுக்கிட்டுப் படம் பாத்தாங்க. இறங்கினதும் போன் போட்டார்: "எல்லா வண்டிக்கும் மாட்டிருங்க அம்மிணி."

இப்ப இங்க இருக்கிற முதலாளிமாருக்குக் கேக்கறேன். இந்த மண்டபத்துக்குள்ள வந்ததுலேருந்து எத்தனை பேர் போன்ல கடை கேமராவைப் பாத்தீங்க? எத்தனை பேர் "என்னய்யா பண்றே"ன்னு கடைக்குப் போன் போட்டீங்க?

ஓடற கடை ஓடட்டும். எப்படி ஓடுதுன்னு அதுவே காட்டும். ஷட்டரை இறக்கற நேரம் இருக்கே... அப்ப கணக்கு பாக்க நில்லுங்க, முழுசா நில்லுங்க. அதைத் தவறவிட்டா நாளெல்லாம் பாத்தது வீண். நொடிக்கு நொடி குத்திக்கிட்டே இருந்தா, தேயறது உங்க வேலையாளு மனசு. தேய்ஞ்ச மனசுல... நீங்க என்ன எழுதினாலும் நிக்காது.