விடைத்தாளைத் திருப்பிப் பார்த்த துணைவேந்தர்

மேடையில் வீற்றிருக்கும் பொறுப்புத் துணைவேந்தர் அவர்களே, ஆட்சிக்குழு உறுப்பினர்களே, முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும், மறைந்த நம் துணைவேந்தர் அம்மையாரின் கணவர் அவர்களே, உள்ளே இடமில்லாமல் வாசலில் நிற்கும் மாணவர்களே! உங்கள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய ஐந்து பேரும் நம் துணைவேந்தர் அம்மையாரை எளிமையானவர் என்றார்கள். எளிமை! யாருக்கும் தொந்தரவு தராதவரைத்தான் நாம் அப்படிச் சொல்லி அனுப்பிவைப்போம். அம்மையார் தொந்தரவு தராதவரா? ஆறு ஆண்டுகள் என்னை நிம்மதியாக உட்காரவிடாதவர் அவர்! இயற்பியல் ஆய்வகத்தில் செய்முறை உதவியாளராக நுழைந்து, பேராசிரியராகி, துறைத்தலைவராகி, முப்பது ஆண்டு கழித்து அந்த நாற்காலிக்கு வந்தவர். வந்த பிறகும் முதலாண்டு விடைத்தாள் கட்டு ஒன்றைக் கேட்டு வாங்கித் தானே திருத்தி, மதிப்பெண்ணையும் தானே கூட்டினார். அதற்காக அவருக்குக் 'கூட்டல் அம்மா' என்று பட்டப்பெயர் வைத்தீர்கள். அவருக்குத் தெரியாதா? "நல்ல பேராத்தான் வச்சிருக்காங்க" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

கணிதத் தாள் விவகாரத்தை மட்டும் இங்கே யாரும் தொடவில்லை. நான் தொடுகிறேன். அதில் குற்றவாளியே நான்தான்.

அவர் பதவியேற்ற முதல் ஆண்டு. பேருந்து ஓட்டுநர் ஒருவர் வேலைச் சீருடையோடு என் அறைக்கு வந்தார். "சார், என் பொண்ணுக்குக் கணக்குல பதினோரு மார்க்காம். விழுந்து விழுந்து படிச்சவ சார். அந்தப் பேப்பரை ஒரு தடவ கண்ணால பாத்துட்டுப் போயிடறேன்." விதியில் இடமில்லை என்று அனுப்பிவிட்டேன். மாடிப்படியில் அவர் முகத்தைப் பார்த்த அம்மையார், கையோடு அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "எடுங்க சார், பாத்துடுவோம்."

எடுத்தேன். முகப்புத் தாளில் மதிப்பெண் கட்டங்கள் இரண்டு பக்கமும் உண்டு. கூட்டியவர்கள் முன்பக்கத்தைக் கூட்டிவிட்டுத் தாளைத் திருப்பவே இல்லை. அம்மையார் திருப்பினார். பின்பக்கத்தில் ஐம்பத்திரண்டு மதிப்பெண் அப்படியே கிடந்தது. கட்டு முழுக்க அதே கதை. எழுபத்து மூன்று பிள்ளைகள் தோல்வி! கணக்குத் தேர்வில் கூட்டத் தெரியாமல் தோற்றது யார்? அவர்களா, நாமா?

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அம்மா, வெளிய தெரிஞ்சா பல்கலைக்கழக மானமே போயிடும். துணைத் தேர்வுல கமுக்கமா பாஸ் போட்டுடலாம்."

"அந்தப் பொண்ணு நாலு நாளா ரூமை விட்டு வெளிய வரலையாம். நம்ம மானத்தைக் காப்பாத்த அவதான் கெடைச்சாளா சார்?"

அன்று மாலையே அறிக்கை வெளியானது. என் வரைவில் 'எழுத்தர் தவறு' என்றிருந்தது. 'எழுத்தர்' என்பதை அடித்து 'எங்கள்' என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட்டார். அடுத்த வாரமே புது விதி வந்தது. எந்த மாணவரும் தன் விடைத்தாளைக் கேட்டு வாங்கி, உட்கார்ந்து பார்க்கலாம்.

எப்படிக் கொதித்தீர்கள், ஆசிரியர்களே! "எங்க மேல நம்பிக்கை இல்லையா மேடம்?" என்று ஒரு மூத்த பேராசிரியர் மேசையைத் தட்டினார். அம்மையார் தான் திருத்திய கட்டையே முதலில் பார்வைக்கு வைத்தார். மாணவர்கள் அதில் இரண்டு பிழை கண்டுபிடித்தார்கள். இரண்டையும் தன் கையால் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். அதற்குப் பிறகு யாரும் மேசையைத் தட்டவில்லை. ஆறு ஆண்டில் நானூற்றுப் பதினெட்டுப் பேருக்கு மதிப்பெண் மாறியிருக்கிறது!

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோதும் அதே பேச்சுதான். "அம்மா, ஆபீஸை விடும்மா" என்று மகள் கெஞ்சினாள். கேட்டால்தானே! "இந்த வாரம் எத்தனை பேர் வந்தாங்க சார்?" என்றார். முப்பத்தாறு என்றேன். "எத்தனை மாறுச்சு?" ஒன்று என்றேன். "பரவாயில்லையே, நாம திருந்திட்டு வர்றோம்" என்றார். வெளியே வந்து அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவர் போய்ப் பதினோரு நாள்தான் ஆகிறது. நாளை ஆட்சிக்குழு கூடுகிறது. ஏழாவது தீர்மானம் என்ன தெரியுமா? 'நிர்வாகக் காரணங்களுக்காக' விடைத்தாள் பார்க்கும் உரிமை நிறுத்தப்படுகிறது! அதை முன்மொழிந்து கையெழுத்திட வேண்டியவன் நான். சற்று முன் இந்தப் படத்துக்கு மலர் வைத்த கைகள்தான் காலையில் அந்தத் தாளை என் மேசைக்கு அனுப்பின. அவர் படத்துக்குப் பூ, அவர் வேலைக்குப் பூட்டா?

பொறுப்புத் துணைவேந்தர் அவர்களே, கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், முடித்துவிடுகிறேன். நான் ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. இடைநீக்கம் செய்யுங்கள், விசாரணை வையுங்கள். இதோ அந்தத் தாள். கையெழுத்துப் போடாமல், சபையறிய, உங்கள் கையிலேயே திருப்பித் தருகிறேன்.

மாணவர்களே, நாளைக் காலை பத்து மணிக்கு விடைத்தாள் அறையை நானே திறப்பேன். யார் போகச் சொன்னாலும் வரிசையை விட்டு நகராதீர்கள்.