சென்னம்மாளைத் தேடிய மூன்று நாட்கள்

கிருஷ்ணப்பன்: ...மூணு நாளாச்சுங்க மேடம். அந்த சென்னம்மாள் கிடைக்கவே இல்ல.

மாதேஸ்வரி: சுகாதார ஆய்வாளரே, மொதல்ல செருப்ப வெளிய விடுங்க. இது என் லேப். அப்புறம் சாருக்கு ஒரு வணக்கம் வைங்க. சென்னையிலருந்து வந்திருக்காரு.

கிருஷ்ணப்பன்: வணக்கம் சார். மருந்துக் கம்பெனிங்களா?

பென்சன்: இல்லைங்க. டாக்டர் பென்சன். தொற்றுநோயக் கண்டுபிடிச்சுச் சொல்ற லேபெல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாத்து மார்க் போடறது என் வேலை.

மாதேஸ்வரி: மார்க் கொறஞ்சா மூடறதும் அவரு வேலைதான். அத மட்டும் சொல்ல மாட்டேங்கறாரு.

பென்சன்: மூடறதுன்னு இல்லம்மா... இணைக்கறது. இங்க எடுக்கற ரத்தத்த நீங்க கிருஷ்ணகிரிக்கு அனுப்பிடுவீங்க.

மாதேஸ்வரி: அனுப்புவோம். தளி தாண்டி இந்த மேட்டுலருந்து அது பஸ் ஏறி, பஸ் மாறி, மூணு நாள் கழிச்சு பதில் வரும். அதுக்குள்ள ஒண்ணு காய்ச்சல் போயிருக்கும், இல்ல ஆளு போயிருப்பாரு. நோயாளி படுத்த எடத்துல பரிசோதன வேணும்னு கேட்டா, பரிசோதன இருக்கற எடத்துக்கு நோயாளிய...

கிருஷ்ணப்பன்: சார், இவங்கள ஆரம்பிக்க விடாதீங்க. சங்க மாநாட்ல அஞ்சு நிமிஷம்னு மைக்கக் குடுத்தாங்க. அடுத்துப் பேச இருந்த மூணு பேரு போய்ச் சாப்பிட்டுட்டே வந்துட்டாங்க.

மாதேஸ்வரி: கைதட்டல் வந்துச்சா இல்லையாண்ணா?

கிருஷ்ணப்பன்: முடிச்சதுக்குத் தட்டினாங்க மேடம்.

பென்சன்: நான் நேரா விஷயத்துக்கு வர்றேன். இந்த லேப்ல பதினோரு மாசம் டெங்கு பூஜ்யம். ஒவ்வொரு வாரமும் பூஜ்யம்னு அறிக்கை. ஒண்ணு, இந்தப் பக்கம் டெங்குவே இல்ல. இல்லேன்னா, உங்க லேபுக்குக் கண்ணு தெரியல.

மாதேஸ்வரி: மூணாவது ஒண்ணு இருக்குங்க. காய்ச்சல் இந்தப் பக்கம் வருது, பஸ்சு அந்தப் பக்கம் போகுது. ஜனங்க எல்ல தாண்டி கர்நாடகத்துல போய் ஊசி போட்டுக்கறாங்க. ரத்தம் அங்க, வீடு இங்க. அவங்க நோட்டுல இது வெளியூரு. நம்ம நோட்டுல இது வரவே இல்ல. ரெண்டு மாநிலத்துக்கு நடுவுல ஒரு காய்ச்சக்காரன் நடுங்கிக்கிட்டே நிக்கறான், அவன் பேர எழுத ஒரு பேனா இல்ல.

பென்சன்: சரி... அப்ப நேர்ல போய்த் தேட வேண்டியதுதானே?

கிருஷ்ணப்பன்: எங்க ஆபீசு வண்டி கெளம்பணும்னா லேப்ல ஒரு பாசிடிவ் வேணுமுங்க.

மாதேஸ்வரி: பாசிடிவ் வேணும்னா ரத்தம் வேணும். ரத்தம் வேணும்னா வண்டி கெளம்பணும். ஈச்சங்கொட்டாய்ல காய்ச்சல்னு பேச்சு அடிபடுது, ஒரு நாள் போய்ப் பாக்க அனுமதி குடுங்கன்னு மேல நாலு கடுதாசி எழுதினேன். நாலுக்கும் ஒரே பதில். 'ஆய்வக அறிக்கையை இணைக்கவும்.' மனுஷனுக்குக் காய்ச்சல் வந்தா டீசல் இல்ல சார். காகிதத்துக்கு வந்தாத்தான் டீசல்.

கிருஷ்ணப்பன்: கைதட்டிடுங்க சார். இல்லேன்னா நிறுத்த மாட்டாங்க.

பென்சன்: இல்ல, நல்லாத்தான் சொல்றாங்க... அது இருக்கட்டும். இப்ப இந்த சென்னம்மாள்...

கிருஷ்ணப்பன்: அதாங்க. திங்கக்கெழம அந்தம்மா ரத்தம் இங்க வந்துச்சு. செவ்வாக்கெழம காலைல டெங்கு பாசிடிவ்னு மேடம் சொன்னாங்க. வண்டிக்கு உத்தரவு வந்துச்சு, கெளம்பிட்டேன். சென்னம்மாள், வயசு நாப்பத்திமூணு, ஈச்சங்கொட்டாய், ஜவளகிரி வழி. 'யாரூ இல்லா'ன்னு கன்னடத்துல ஒரு வீடு. 'எவரூ லேரு'ன்னு தெலுங்குல ஒரு வீடு. அப்படி யாருமே இல்லியாம். ஃபோனப் போட்டா சேலத்துல ஒரு வெள்ளிப் பட்டறைக்காரரு எடுக்கறாரு. மூணு நாள்ல அவரு எனக்கு சினேகிதம் ஆயிட்டாரு. பொண்ணு கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்காரு.

பென்சன்: மூணு நாளும் இதே வேலையாவா இருந்தீங்க?

கிருஷ்ணப்பன்: பின்ன? டெங்கு வந்த பொம்பள ஒருத்தி காணாமப் போனா அப்படியே விட்டுடறதா? நேத்து ஒரு பெரியவரு, அவ எனக்கு சித்தி முறைதான், வந்துடுவான்னாரு. டீ, பன்னு வாங்கிக் குடுத்தேன்.

பென்சன்: கிருஷ்ணப்பன்... கொஞ்சம் உக்காருங்க.

கிருஷ்ணப்பன்: ஏங்க சார். செத்துட்டாங்களா?

பென்சன்: பொறக்கவே இல்ல.

கிருஷ்ணப்பன்: பொறக்கவே இல்லியா?

பென்சன்: அந்தப் பேரு நான் எழுதினது. ரத்தம் சென்னையில ஏற்கெனவே டெங்குன்னு உறுதியானது. இந்த லேப் அதக் கண்டுபிடிக்குதா, எத்தன மணி நேரத்துல சொல்லுதுன்னு பாக்க, கிராமத்து நர்ஸ் கொண்டு வர்ற பெட்டியில வெச்சு அனுப்பினேன். ஊர் பேரு பஸ் போர்டுல பாத்தது.

கிருஷ்ணப்பன்: பஸ் போர்டுல.

பென்சன்: முகவரி தப்புன்னு ஒரு மணி நேரத்துல திரும்பிடுவீங்கன்னு நெனச்சேன். நான் ஃபோன் பண்ணி நிறுத்தியிருக்கணும். மன்னிச்சுக்குங்க.

கிருஷ்ணப்பன்: அப்ப அந்தப் பெரியவருக்கு சித்தி...

பென்சன்: பன்னு காசு நான் குடுத்துடறேன்.

மாதேஸ்வரி: பன்ன விடுங்க. நான் சொன்ன ரிசல்ட் சரிதானே சார்?

பென்சன்: துல்லியம். இருபது மணி நேரம்கூட ஆகல. அதுக்கு முழு மார்க். ஆனா மாதேஸ்வரிம்மா, நான் வெச்ச ரத்தம் நோய்க் கணக்குல சேராது. நெஜ நோயாளின்னு பாத்தா அதே பதினோரு மாசப் பூஜ்யம். அத வெச்சுக்கிட்டு இந்த லேப் இங்கயே இருக்கட்டும்னு நான் எப்படி எழுதறது?

மாதேஸ்வரி: அண்ணா, மிச்சத்தையும் சொல்லுங்க.

கிருஷ்ணப்பன்: சென்னம்மாள் கிடைக்கலன்னுதான் சார் சொன்னேன். மத்தவங்க கிடைக்கலன்னு சொல்லலியே.

பென்சன்: மத்தவங்களா?

கிருஷ்ணப்பன்: ஈச்சங்கொட்டாய்க்குப் பின்னால ரோஜா வளக்கற பசுமைக் குடில் இருக்கு. வெட்டின பூவ வாளித் தண்ணில நிறுத்தி வெப்பாங்க. வேண்டாத வாளி முன்னூறு வெளிய கெடக்கு. மழத்தண்ணி. எட்டிப் பாத்தா ஒவ்வொண்ணுலயும் கொசுப்புழு துள்ளுது. வேலைக்கு வர்றவங்க அஞ்சு பேருக்குக் காய்ச்சல். புதன்கெழமயே ரத்தம் எடுத்துட்டேன்.

மாதேஸ்வரி: மூணு பாசிடிவ். இந்த வார அறிக்கை இன்னும் போகல, அதான் உங்களுக்குத் தெரியல. அதுல சுஜாதான்னு ஒரு பொண்ணு, ரத்தத்துல தட்டணு கடகடன்னு எறங்கிடுச்சு. அன்னிக்குச் சாயங்காலமே ஒசூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம். கிருஷ்ணகிரிக்கு அனுப்பிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தா நாளைக்குத்தான் சார் தெரிஞ்சிருக்கும்.

பென்சன்: இப்ப எப்படி இருக்கு அந்தப் பொண்ணு?

மாதேஸ்வரி: காலைல இட்லி கேட்டிருக்கா. சட்னி சரியில்லன்னு சண்ட போட்டாளாம். பொழச்சுட்டா.

கிருஷ்ணப்பன்: வாளி அத்தனையும் கவுத்தாச்சு. எங்க பூ வெளிநாட்டுக்குப் போகுது, பேரு கெட்டுடும்னாரு மொதலாளி. அப்ப கொசுவுக்கும் ஒரு பாஸ்போர்ட் எடுத்துடுங்கன்னேன்.

பென்சன்: ...உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கிருஷ்ணகிரியோட இணைக்கலாம்னு டைப் அடிச்சு, பைல வெச்சுக்கிட்டேதான் வந்தேன். இந்தாங்க. கிழிச்சுடறேன்.

மாதேஸ்வரி: கிழிக்காதீங்க. பின்பக்கம் வெள்ளையா இருக்கு. எங்களுக்குப் பேப்பர் தட்டுப்பாடு.

பென்சன்: லேப் இங்கயேதான் இருக்கணும்னு எழுதறேன். பாசிடிவ் இல்லாமலும் வண்டி கெளம்பணும்னு எழுதறேன். கையெழுத்துப் போடறதுக்கு முன்னால ஒரே ஒரு கட்டம் பாக்கி. 'சோதனை நோயாளி உண்மையானவர் அல்லர் எனப் பணியாளர்கள் அறிந்த நேரம்.' இப்பத்தானே சொன்னேன்... வெள்ளிக்கெழம, பதினொன்னரைன்னு போட்டுடட்டுமா?

மாதேஸ்வரி: ...திங்கக்கெழம, மதியம் ரெண்டரைன்னு போடுங்க சார்.

பென்சன்: அப்பத்தானேம்மா ரத்தமே வந்துச்சு?

மாதேஸ்வரி: கூடவே ஃபாரமும் வந்துச்சுல்ல. எல்லாக் கட்டமும் நெரம்பி வந்துச்சு. புருஷன் பேரு, படிப்பு, பின்கோடு வரைக்கும். பதினாலு வருஷமா இங்க இருக்கேன், பின்கோடு சொன்ன காய்ச்சக்காரி ஒருத்தியும் இல்ல. பொம்பள பொய், ஆனா ரத்தம் பொய்யில்ல. நாலு கடுதாசிக்கு அசையாத வண்டி அந்தம்மா பேருக்கு அசையும்னு தெரிஞ்சுது... அறிக்கைய அனுப்பிட்டேன்.

பென்சன்: தெரிஞ்சேவா? நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆபீசு. இந்த மனுஷன மூணு நாள் வெயில்ல அலைய விட்டிருக்கீங்களே. கிருஷ்ணப்பன், உங்களுக்குக் கோவம் வரலியா?

கிருஷ்ணப்பன்: என் நேரத்தையும் எழுதிக்குங்க சார். செவ்வாக்கெழம, காலைல பத்தே கால். நீங்க வீட்டு நம்பர் நாப்பத்தேழுன்னு போட்டிருந்தீங்க, ஈச்சங்கொட்டாய்ல இருக்கறதே பத்தொம்பது வீடு. ஆளே இல்லன்னு அப்பவே சொல்லியிருந்தா வண்டியத் திருப்பிக் கூப்பிட்டிருப்பாங்க... அதான் மேடம்கிட்டக்கூட மூச்சு விடாம, தெனமும் சாயங்காலம் 'இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்'னு எழுதிக் குடுத்துக்கிட்டே இருந்தேன்.