பெட்டி ஒழுங்காக அணைந்த விதம்

எங்கள் வீட்டில் அறையை விட்டுக் கடைசியாக வெளியே வருகிறவர் விளக்கை அணைத்துவிட்டுத்தான் வர வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே மனைவியிடம் கஞ்சன் என்று பெயர் வாங்கியவன் நான். கஞ்சத்தனம் இல்லை, பெரியவர்களே. எதையும் அணைக்க ஒரு முறை இருக்கிறது. பிஷ்கெக் நகரத்து நீரேற்று நிலையத்தில் பம்புகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஓடுகிற பம்பைச் சடக்கென்று நிறுத்தினால் எங்கோ ஒரு குழாய் வெடிக்கும். முதலில் வேகத்தைக் குறைத்து, வால்வை மூடி, பிறகுதான் நிறுத்த வேண்டும். மனிதர்களிடமும் நான் அப்படித்தான் நடந்துகொள்கிறேன்.

என் மாமனாரின் தம்பி ஷார்ஷென் பெரியவர்களாகிய உங்கள் மன்றத்தில் என்மேல் புகார் கொடுத்திருக்கிறார். நான்கு பெரியவர்கள் அமர்ந்திருந்த பந்தியில், இளையவனான நான் கையை விரித்து, விருந்தை முடித்துவைக்கும் ஆசியைச் சொல்லிப் பந்தியை எழுப்பிவிட்டேன் என்பது புகார். அது உண்மை. எழுப்பினேன். காரணம், எங்கள் வீட்டு சர்வர்.

சர்வர் என்றால் ஒரு கணினிதான், பயப்பட வேண்டாம். ரொட்டி வைக்கும் பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே நான்கு டிஸ்க்குகள். துணி அலமாரியின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன். நம் குலத்தார் வீட்டு விருந்துகளை எல்லாம் வீடியோவாக அதற்குள்தான் சேர்த்து வைத்தேன். கல்யாணம், தொட்டில் விழா, எழுபதாம் பிறந்தநாள், இறந்தவருக்கான நாற்பதாம் நாள் சாப்பாடு எல்லாமே. நீங்களே உங்கள் வீட்டு சிடிகளைப் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். "மெதெர் கிட்ட குடுத்துட்டா கவலையில்ல, அவன் கைல ஒரு பொருள் கெடாது" என்றீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பெட்டிக்குள் ஏற்றியதும் சிடிகளை உடைத்துக் குப்பையில் போட்டேன். ஒரு பொருள் ஒரே இடத்தில் இருந்தால்தான் பத்திரம் என்பது என் கொள்கை.

குளிர்காலத்தில் நம் பகுதிக்குக் கரண்ட் எப்படி வந்து போகிறது என்பது உங்களுக்கே தெரியும். கரண்ட் போனதும் பெட்டியோடு இணைத்த பாட்டரி வேலை செய்யும். அது தாங்குவது ஒரு கோப்பை தேநீர் குடிக்கிற நேரம்தான். அதற்குள் பெட்டி தன் வேலைகளை முடித்து, கோப்புகளை மூடி, தானே அணைந்துவிட வேண்டும். அணையாவிட்டால் பாட்டரி தீர்ந்து பொத்தென்று நிற்கும். அப்படி நின்றால் டிஸ்க் கெடலாம். டிஸ்க் கெட்டால் உங்கள் விருந்துகள் போய்விடும். ஆகவே நான் என்ன செய்திருந்தாலும் இந்த ஒன்றுக்காகத்தான் செய்தேன்.

பெட்டி அணைய மறுத்தது. ஒவ்வொரு முறையும் திரையில் ஒரே வரி வந்து நிற்கும்: பயன்படுத்துவோர் வெளியேறக் காத்திருக்கிறது. நான் மெமரியை மாற்றினேன், கேபிள்களை மாற்றினேன், விசிறியைத் துடைத்தேன், மென்பொருளைப் புதுப்பித்தேன். மனைவி பெர்மெத்தின் போனைப் பெட்டியிலிருந்து துண்டித்தேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"அந்தப் பெட்டிக்குத் தூக்கம் வரலன்னா மடில போட்டுத் தாலாட்டு பாடுங்க" என்றாள்.

இணையத்தில் கேட்டேன். நோவசிபிர்ஸ்க்கில் இருக்கும் ஒருவர், எது பிடித்துக்கொண்டிருக்கிறதோ அந்த வேலையைக் கட்டளை போட்டுக் கொன்றுவிடு, பெட்டி தானாக அணையும் என்று எழுதினார். அந்தத் துறையில் அப்படித்தான் சொல்வார்களாம். எனக்கு ஒப்பவில்லை. கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் அது ஒழுங்காக அணைந்ததாக ஆகாது. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

விடை எதிர்பாராமல் கிடைத்தது. என் மாமனார் அசான்குல் எங்களோடு இருக்கிறார். மாமனார் மருமகன் வீட்டில் இருப்பது நம் பக்கத்தில் கௌரவம் இல்லைதான். அவருக்கு மகன் கிடையாது, பெர்மெத் ஒரே பெண், அவர் மனைவியான அத்தையும் தவறிவிட்டார், வேறு எங்கே போவார்? அவர் ஒருநாள் டோக்மோக்கில் ஒரு சாவுக்குப் போனார். போகும்போது டிவியை அணைத்துவிட்டுப் போனார். அன்று கரண்ட் போனபோது பெட்டி சமர்த்தாக அணைந்தது.

அவர் திரும்பி வந்த பிறகு அவர் அறைக்குப் போய்ப் பார்த்தேன். மாமா நாள் முழுவதும் பெட்டியிலிருந்து ஒரே ஒரு விருந்தைத்தான் டிவியில் வைத்திருந்தார். அவருடைய எழுபதாம் பிறந்தநாள் விருந்து. ஓட்டிப் பார்ப்பதில்லை. ஓர் இடத்தில் நிறுத்தி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பார். கரண்ட் போனால் டிவி அணையும், ஆனால் பெட்டிக்கு அது தெரியாது. விருந்தாளி சொல்லாமல் போய்விட்டால் வீட்டுக்காரர் காத்திருப்பார் இல்லையா, அது மாதிரி காத்திருந்திருக்கிறது. கரண்ட் வந்ததும் மாமா மறுபடி அதே இடத்தைத் தேடிப்பிடித்து நிறுத்திவிடுவார்.

அந்த இடத்தில் என் அத்தை சாலிகா உட்கார்ந்திருக்கிறார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெட்டியில் ஏற்றிய விருந்துகளில் அத்தை முழுதாக எங்கும் இல்லை. யார் வீட்டு விருந்தானாலும் அவர்தான் முதல் ஆளாய்ப் போய்ச் சமையல்கட்டில் நிற்பார். வீடியோவில் அவருடைய கை மட்டும் ஓரத்திலிருந்து வந்து இறைச்சித் தட்டை வைத்துவிட்டுப் போகும். நீல வளையல் போட்ட கை. மாமாவின் எழுபதாம் விருந்தில்தான், எல்லோரும் வற்புறுத்தி, கடைசி நேரத்தில் அவரை மாமா பக்கத்தில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். அடுத்த கணம் மாமா கையை விரித்துச் சுருக்கமாக ஆசி சொல்லிவிடுவார். ஆசி முடிந்தால் பந்தி எழுந்துவிடும். அதற்கு முன்னால்தான் மாமா நிறுத்தியிருந்தார்.

நான் முறையாகத்தான் கேட்டேன். "மாமா, மிச்சத்தையும் ஓட்டி முடிச்சிடுங்களேன்" என்றேன்.

"முடிச்சா அவ எந்திரிச்சுப் போயிடுவா மாப்ள" என்றார். "பாத்திரம் கழுவ. ஆயுசு பூரா அதத்தான பண்ணா. இப்பத்தான் உக்காந்திருக்கா. உக்காரட்டுமே."

அந்தக் காட்சியைப் பெரிய படமாக அச்சிட்டு, நல்ல சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். நம் ஊரில் எத்தனை மருமகன்கள் அவ்வளவு செய்வார்கள்? மாமா அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"போட்டோல அவ உக்காந்து முடிச்சிட்டா மாப்ள" என்றார். "இதுல இன்னும் உக்காந்துக்கிட்டு இருக்கா."

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தம் வேறு, பெட்டி வேறு. அன்று மாலையும் பாட்டரி தீர்ந்து பெட்டி பொத்தென்று நின்றது. அலமாரிக்குள்ளிருந்து வந்த அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருந்தால் என்மேல் யாரும் புகார் கொடுத்திருக்க மாட்டீர்கள்.

பிறகு நிதானமாக யோசித்தேன். ஆசி சொல்லாமல் நாம் பந்தியை விட்டு எழுவதில்லை. அப்படியென்றால் மாமாவின் எழுபதாம் விருந்து இன்னும் முடியவில்லை. அத்தனை விருந்தாளிகளும் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். பெட்டி செய்வதில் தவறே இல்லை. அது நம்மைப் போலவே மரியாதை தெரிந்தது. ஆக, பெட்டியில் எந்தப் பழுதும் இல்லை, பந்தியில்தான் பழுது. யாராவது ஆசி சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். மாமா சொல்ல மாட்டார்.

அந்த வாரம் ஷார்ஷென் சின்ன மாமாவும் இரண்டு நண்பர்களும் மாமாவைப் பார்க்க வந்தார்கள். மாமாவின் அறையிலேயே பந்தி விரித்தேன். ஆட்டிறைச்சி, எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டி, தேன் எல்லாம் வைத்தேன், ஒரு குறையும் வைக்கவில்லை. எதிரே டிவியில் அத்தை சிரித்துக்கொண்டிருந்தார். அதை அணைக்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. நண்பர்களில் ஒருவர் சற்றுத் தயங்கிவிட்டு அத்தைக்கும் ஒரு கோப்பை தேநீர் ஊற்றி டிவியின் முன்னால் வைத்தார். மாமா அவரை நன்றியோடு பார்த்தார்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். இருந்தவர்களில் மூத்தவர் மாமாதான், ஆசி அவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்கிறபாடாய் இல்லை. மற்றவர்களுக்குக் கால் மரத்துப்போயிருக்கும், ஆனாலும் அசையவில்லை. அப்போதுதான் நான் இரண்டு கைகளையும் விரித்து, இந்த வீட்டில் உணவு குறையாமல் இருக்கட்டும், பெரியவர்கள் நலமாக இருக்கட்டும், ஓமின் என்றேன்.

பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். ஓமின் என்ற சொல் காதில் விழுந்ததும் நான்கு பெரியவர்களும், யார் சொன்னது என்றுகூடப் பார்க்காமல், கையைத் தூக்கி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். மாமாவும்தான். அதற்காகக் கையில் பிடித்திருந்த ரிமோட்டைக் கீழே வைத்தார். கண்கள் இரண்டு உள்ளங்கைகளுக்குள் இருந்தன. நான் ரிமோட்டை எடுத்துப் பொத்தானை அழுத்தினேன்.

டிவியிலும் ஓமின் என்றார்கள். அத்தை மளமளவென்று எழுந்து, இரண்டு தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய்விட்டார். மாமா கையை எடுத்துப் பார்த்தபோது அத்தை உட்கார்ந்திருந்த மெத்தை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை, விருந்து முடிந்துவிட்டது.

"எங்க மாப்ள அவ?" என்றார் மாமா.

சின்ன மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஏண்டா, பெருசுங்க நாலு பேரு இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கோம். நீ யாருடா கையத் தூக்க?" என்று ஆரம்பித்தார். மீதியை அவரே உங்களிடம் சொல்லியிருப்பார். ஒரு வார்த்தையும் மிகையாக இருக்காது, எனக்கு அவரைத் தெரியும்.

அன்று மாலை கரண்ட் போனது. பெட்டி ஒவ்வொரு கோப்பாக மூடி, விசிறியைத் தணித்து, பச்சை விளக்கை அணைத்து, தானே நின்றது. அலமாரியின் முன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஆசி சொன்ன குற்றம் இதோடு முடிகிறது. இதற்கு என்ன அபராதம் விதித்தாலும் கட்டுகிறேன். ஓர் ஆடு என்றாலும் சரி, இரண்டு என்றாலும் சரி.

மற்றதை நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. மறுநாள் காலையில் மாமா வீடியோவைப் பின்னால் ஓட்டி, அத்தையைத் திரும்பவும் உட்கார வைத்துவிட்டார். மாலையில் பெட்டி திரும்பவும் காத்திருந்தது. தினமும் விருந்து வைத்து தினமும் ஆசி சொல்ல முடியுமா? மாமா குளிக்கப் போன நேரம் பார்த்து அந்த விருந்தை அழித்தேன்.

அதை மட்டும் அழித்தால் போதாது என்பது உடனே புரிந்தது. மாமா வேறொரு விருந்தைத் திறந்து, அத்தையின் கை வருகிற இடத்தில் நிறுத்திக்கொள்வார். ஆகவே அந்தக் கை வருகிற விருந்துகளையும் அழித்தேன். முன்பே சொன்னேன், அத்தை போகாத விருந்து கிடையாது. ஒன்றிரண்டில் கை தெரியவில்லை. ஆனால் குரல் கேட்டது, இன்னும் இறைச்சி வேண்டுமா என்று. அவற்றையும் அழித்தேன். எதையும் அரைகுறையாகச் செய்யக் கூடாது.

பெர்மெத் ஒன்றும் சத்தம் போடவில்லை. "எங்கம்மா ஒங்கள என்ன பண்ணா?" என்று மட்டும் கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை என்றேன், அது உண்மைதானே. அவள் தன் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பாவையும் கூப்பிட்டாள். அவர் வரமாட்டேன் என்றுவிட்டார்.

அவர் வராததற்குக் காரணம் நான்தான். குளித்துவிட்டு வந்து டிவியில் ஒன்றும் இல்லாததைப் பார்த்தவர், அன்று கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். "அத்தை பாத்திரம் கழுவப் போயிருக்காங்க மாமா, வந்துருவாங்க" என்றேன். அவர் மனம் சமாதானமாக வேறு என்ன சொல்வது? அன்றிலிருந்து டிவிக்கு முதுகைக் காட்டிச் சமையல்கட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். தான் போய்விட்டால் அவள் வந்து தேடுவாள் என்கிறார். பக்கத்தில் அத்தைக்கு ஒரு கோப்பை தேநீர் இருக்கும். அது ஆறிப்போனால் நான்தான் கொட்டிவிட்டு வேறு ஊற்றி வைக்கிறேன். சில நாள் சமையல்கட்டுக் குழாயைக் கொஞ்சம் திறந்து விடுகிறேன், தண்ணீர்ச் சத்தம் கேட்டால் நிம்மதியாகச் சாப்பிடுகிறார். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

பெட்டி இப்போது நன்றாக இருக்கிறது. மென்பொருளோடு வந்த காலிக் கோப்புறை ஒன்றைத் தவிர அதில் எதுவும் இல்லை. கரண்ட் போன மறுகணம் யாருக்கும் காத்திருக்காமல் அணைந்துவிடுகிறது. இந்தக் குளிர்காலத்தில் கரண்ட் எத்தனையோ முறை போய்விட்டது. பெரியவர்களே, நீங்கள் நம்பிக்கையோடு என்னிடம் கொடுத்த விருந்துகளில் ஒன்றுகூட அதனால் கெட்டுப்போகவில்லை.